ஒரே ஜியாலஜி புரொபசர், பத்து விதமான ஆராய்ச்சி: படிக்கிற பசங்களுக்கு இது நல்லதா?

03.09.2023, மாலை. கேள்வி

என் பொண்ணு எம்.எஸ்சி அப்ளைடு ஜியாலஜி சேர்ந்திருக்கா. கைடா வரப்போறவரோட விவரத்தைப் பாத்தேன். நிலத்தடி நீர், ஃபாசில், கடற்கரை மணல், பழைய கட்டடக் கல்லு அரிப்பு, சுனாமி படிவு, உருமாறின பாறைன்னு நீளமா போகுது. ஒரு மனுஷன் இத்தனையில எப்படி ஆழமா போக முடியும்? பசங்களை மண்ணு சலிக்க விட்டு, கல்லு தேய்க்க விட்டு ரெண்டு வருஷத்தை ஓட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

03.09.2023, இரவு 9.40

சார், இதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும், ஏன்னா என் பேருக்குக் கீழயும் இதே மாதிரி நீளமான லிஸ்ட் இருக்கு. திருச்சி பக்கம் ஒரு காலேஜ்ல ஜியாலஜி எடுக்கறேன். நான் பிஎச்.டி பண்ணது சார்னோக்கைட்ல. பல்லாவரம், பரங்கிமலையில பாக்கறீங்களே, உடைச்சா நீலச் சாம்பலா எண்ணெய் தடவின பளபளப்போட இருக்கற கருங்கல்லு, அதுதான். கல்கத்தாவுல கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட சமாதியில இருக்கற கல்லை 1893-ல ஆராய்ஞ்சு, ஜியாலஜிஸ்ட் தாமஸ் ஹாலண்ட் சார்னாக் பேரையே இந்தப் பாறைக்கு வெச்சாரு. நானும் கடைசி வரைக்கும் அதுலயே இருந்திருப்பேன், இருக்க விடாம வெளிய இழுத்தது பசங்கதான்.

ப்ராஜெக்ட் டைம் வந்தா நான் கேக்கற முதல் கேள்வி, "உனக்கு எந்த ஊருப்பா?" பாறையில இஷ்டமா தண்ணியில இஷ்டமான்னு அப்புறமா கேட்டுக்கலாம். தர்மபுரி பையனுக்கு கிணத்து மேல கேள்வி இருக்கும். அரியலூர் பொண்ணுக்கு வீட்டு வாசல்லயே கடல் சங்கு கல்லாக் கிடக்கும். நாகப்பட்டினம் பையனுக்கு கடல். அவங்க ஊருக்கு நான் போகணும்னா அந்த விஷயத்தை நான் முதல்ல படிக்கணும், அவன் கேக்கறதுக்கு முன்னாடி நான் ரெண்டு மாசம் படிச்சிருக்கணும். இப்படித்தான் என் லிஸ்ட் நீண்டுச்சு. உங்க பொண்ணோட கைடுக்கும் இதே கதையா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு யோசிச்சு நாளைக்கு எழுதறேன்.

04.09.2023, காலை

முதல்ல அந்த மண்ணு சலிக்கிற விஷயம். அது எனக்கு மனசுல நின்னுடுச்சு.

போன மாசம் 23-ஆம் தேதி சந்திரயான்-3 நிலாவுல இறங்கினப்ப நீங்களும் டிவி பாத்திருப்பீங்க. லேண்டரும் ரோவரும் அங்க இறங்கறதுக்கு முன்னாடி இங்க பூமியில நிலா மண்ணு மாதிரி ஒண்ணு மேல ஓட்டிப் பாக்கணும். சந்திரயான்-2 சமயத்துல அந்த மண்ணை வெளிநாட்டுல இருந்து வாங்கினா செலவு தாங்காதுன்னு இஸ்ரோ இங்கயே தேடுச்சு. கிடைச்ச இடம் நம்ம நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம். அங்க இருக்கற அனார்த்தோசைட் பாறை, நிலாவோட வெளுத்த மேட்டுப்பகுதி பாறைக்கு ரசாயன அமைப்புல ரொம்ப கிட்டத்துல வருது. சேலம் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜி துறை ஆளுங்களும் அதுல வேலை செஞ்சாங்க. செஞ்சது என்ன? பாறையை உடைச்சு, அரைச்சு, சலிச்சு, நிலா மண்ணுல எந்த சைஸ் துகள் எவ்வளவு இருக்கோ அதே விகிதத்துல கலந்தாங்க. சலிக்கிறது தெரியாத ஆளு அந்த வேலையில நிக்கவே முடியாது.

எங்க லேப்ல சலிக்கிற முறையைச் சொல்றேன். மண்ணைக் காயவெச்சு, குமிச்சு நாலாப் பிரிச்சு எதிரெதிர் பங்கை எடுத்து, திரும்பப் பிரிச்சு 100 கிராம் எடுக்கணும். கையில வந்ததை அப்படியே அள்ளக்கூடாது, அள்ளினா பெரிய துகள் ஒரு பக்கமா போயிடும். அடுக்கடுக்கா சல்லடை, பெரிய கண்ணு மேல, சின்னக் கண்ணு கீழ, ஷேக்கர்ல கால் மணி நேரம். ஒவ்வொரு சல்லடையிலயும் நின்னதை எடை போட்டு, எல்லாத்தையும் கூட்டினா 100-க்குப் பக்கத்துல வரணும். வரலைன்னா எங்கயோ சிந்தியிருக்கு, முதல்ல இருந்து. அப்புறம் கிராஃப், அதுல இருந்து ஃபோக், வார்டுன்னு ரெண்டு ஜியாலஜிஸ்ட் 1957-ல சொன்ன ஃபார்முலா வெச்சு சராசரி சைஸ், எவ்வளவு சீராப் பிரிஞ்சிருக்குன்னு கணக்கு. ஆத்து மண்ணு, கடற்கரை மண்ணு, காத்து கொண்டுவந்த தேரி மண்ணு மூணையும் பேர் எழுதாம கொடுத்து எது எதுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுவேன். அந்த வாரம் பசங்க முகத்துல இருக்கற தீவிரம் வேற எந்த கிளாஸ்லயும் நான் பாத்ததில்ல.

05.09.2023

இன்னைக்கு ஆசிரியர் தினம்னு பழைய ஸ்டூடண்ட்ஸ் போன் பண்ணிட்டே இருந்தாங்க. அதுல ஒருத்தன் தர்மபுரிக்காரன், இப்ப நிலத்தடி நீர் வேலையிலயே இருக்கான். அவன் ப்ராஜெக்டை இங்க முழுசா எழுதணும்னு தோணுது.

அவங்க ஊர்ல ஒரு பக்கத்துக் கிணத்துல சித்திரை வரைக்கும் தண்ணி நிக்கும். இன்னொரு பக்கம், நடந்தா பத்து நிமிஷம் கூட ஆகாது, எவ்வளவு ஆழம் போர் போட்டாலும் புகைதான் வரும். ஊர்ல அதுக்கு ராசின்னு சொல்லிக்கிட்டாங்க. தேங்காயைக் கையில வெச்சுக்கிட்டு நீரோட்டம் பாக்கறவரைக் கூட்டிவந்து, அவரு சொன்ன இடத்துல எல்லாம் போர் போட்டு, நகை அடகு வெச்ச குடும்பங்க உண்டு. இவன் அப்பாவும் அதுல ஒருத்தர். இவன் என்கிட்ட வந்து "சார் எங்க ஊர்ல ஏன் இப்படி?"ன்னுதான் கேட்டான், டாபிக் பேரு எதுவும் சொல்லல.

நான் கொடுத்தது ஒரு டோபோஷீட் (மேடு பள்ளம், ஓடை, ரோடு எல்லாம் போட்ட மேப்), பிரன்டன் காம்பஸ் (திசையும் சாய்வும் அளக்கறது), சுத்தி, ஸ்டீல் டேப், ஒரு நோட்டு. முதல்ல ஊரைச் சுத்தி நட, பாக்கற கல்லை எல்லாம் குறின்னேன். வயலுக்கு நடுவுல, வரப்பு ஓரத்துல, முள்ளுக்காட்டுல அங்கங்க உருண்டையா கருப்புக் கல்லு கிடந்துச்சு. உழும்போது இடைஞ்சல்னு ஓரமா தள்ளி விட்டிருந்ததும் உண்டு, அதை விட்டுட்டு நிலத்தோட ஒட்டி இருக்கறதை மட்டும் குறிச்சான். ஷீட்ல குறிச்சு முடிச்சுப் பாத்தா ஒரே நேர்கோடு. ஓடையைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஊருக்குக் குறுக்க போகுது. உடைச்சுப் பாத்தா டாலரைட். கிரானைட் கம்பெனிக்காரங்க கருப்பு கிரானைட்னு விக்கற அதே ரகம். பழைய பாறையில விழுந்த வெடிப்புக்குள்ள எரிமலைக் குழம்பு ஏறி இறுகினது, டைக்னு சொல்லுவோம். நிலத்துக்கடியில சுவரா நிக்கும்.

அடுத்தது கிணறு. அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற கிணறுங்களை ஒரே சமயத்துல அளக்கணும். மோட்டார் ஓடினா மட்டம் இறங்கிடும், அதனால த்ரீ ஃபேஸ் கரண்ட் வர்றதுக்கு முன்னாடி விடியக்காலையில போனான், கூட அவன் தங்கச்சி டார்ச் புடிச்சுக்கிட்டு. கிணத்தடி தரை மட்டம் எல்லாம் ஒண்ணு இல்ல, லெவல் வெச்சு அதையும் எடுத்து, கடல் மட்டத்துல இருந்து தண்ணி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு மாத்திக் கோடு போட்டான். டைக்குக்கு மேட்டுப்பக்கம் தண்ணி மட்டம் உசந்து நிக்குது, தாண்டின உடனே சரிஞ்சு விழுது. சரிவுல இறங்கி வர்ற தண்ணியை அந்தக் கல்லு தடுத்து நிறுத்துது, இந்தப் பக்கம் காயுது.

மேப்பை ஊர்ல விரிச்சுக் காட்டினப்ப ஒரு பெரியவர் சொன்னாரு, அந்தக் கல்லு வரிசைக்கு இந்தாண்ட கிணறு வெட்டாதீங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாருன்னு. ஊருக்குத் தெரிஞ்சிருக்கு, நடுவுல ஒரு தலைமுறை போர் மெஷினை நம்பி மறந்திருக்கு. நான் அந்த நிமிஷம் பக்கத்துலதான் நின்னேன். இத்தனை வருஷ வாத்தியார் வேலையில எனக்கு அதை விட சந்தோஷமா ஒண்ணு இருந்திருக்குமான்னு தெரியல.

06.09.2023

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர் கேட்டிருக்கார், அப்ப எங்க ஊர்லயும் கருப்புக் கல்லு வரிசை இருக்கு, அதுக்கு மேட்டுப்பக்கம் போர் போட்டா தண்ணி நிச்சயமான்னு. தயவு செஞ்சு இதை மட்டும் வெச்சு காசைப் போடாதீங்க. எல்லா டைக்கும் தண்ணியைத் தடுக்காது. வெடிப்பு இல்லாம கெட்டியா இருந்தா தடுக்கும். நிறைய வெடிச்சு, சிதைஞ்சு இருந்தா அந்த டைக்கே தண்ணி ஓடற பாதையா இருக்கும், அதுலயே நல்ல ஊத்து கிடைச்ச ஊருங்களும் உண்டு. ரெசிஸ்டிவிட்டி சர்வே பண்ணிப் பாக்கணும். நாலு இரும்புக் கம்பியை நேர்கோட்டுல அடிச்சு, வெளிக்கம்பி ரெண்டுல கரண்ட் விட்டு, உள்கம்பி ரெண்டுல வோல்டேஜ் பாத்து, வெளிக்கம்பியைத் தள்ளித் தள்ளி அடிச்சா ஆழம் கூடக்கூட நிலத்தோட மின்தடை தெரியும். காஞ்ச மண்ணுல கம்பியைச் சுத்தி உப்புத்தண்ணி ஊத்தணும், இல்லைன்னா ரீடிங் ஆடும். எங்க பசங்க இந்த வேலைக்கு மே மாச வெயில்ல வயல்ல வயரை இழுத்துக்கிட்டு ஓடுவாங்க.

அந்தப் பையன் ப்ராஜெக்ட்ல இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. ஆழ்துளைத் தண்ணியில ஃப்ளோரைடு. குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற வழியே இல்லைன்னா 1.5. அதைத் தாண்டிக் குடிச்சா சின்னப் பிள்ளைங்க பல்லுல காவிக் கறை, ரொம்ப வருஷம் குடிச்சா எலும்புலயும் கோளாறு. பாறையில இருக்கற பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட்ங்கற தாதுக்கள்ல இருந்து அது கரைஞ்சு வருது. தண்ணி எவ்வளவு காலம் பாறைக்குள்ள நிக்குதோ அவ்வளவு ஏறும், கால்சியம் கம்மியா இருந்தா இன்னும் ஏறும். திறந்த கிணத்துல கம்மியா இருந்துச்சு, ஆழமான போர்ல அதிகம். தண்ணி வேணும்னு ஆழமா போறவங்களுக்கு அந்த ஆழமே பிரச்சனையைக் கொண்டுவருது. பாறை படிச்சவனா இருந்ததாலதான் எனக்கு இந்தத் தண்ணி விஷயம் புரிஞ்சுது. லிஸ்ட்ல தனித்தனியா தெரியறது ஃபீல்டுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கும்.

09.09.2023

ஆழம் எங்கன்னு திரும்பக் கேட்டிருக்கீங்க சார். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவுல ஹார்லென் பிரெட்ஸ்னு ஒருத்தர். 1882-ல பிறந்தவரு, முதல்ல சியாட்டில்ல ஸ்கூல் பயாலஜி வாத்தியார். அப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி ஜியாலஜி புரொபசர். பனியாறு விட்டுப்போன படிவு, மிசௌரி மாநிலத்துக் குகைங்க, கிரீன்லாந்துன்னு பல இடத்துல வேலை செஞ்சாரு. வாஷிங்டன் மாநிலத்துக் கிழக்குல பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு இறுகின கருப்புப் பாறைத் தரையை அறுத்துக் கிடக்கற பெரிய பெரிய பள்ளங்களைப் பாத்துட்டு, இது மெதுவா ஆறு அரிச்சது இல்ல, திடீர்னு வந்த பெருவெள்ளம்னு 1923-ல எழுதினாரு. கோடையில ஸ்டூடண்ட்ஸைக் கூட்டிக்கிட்டுப் போய் நடந்தே அதை எல்லாம் மேப் போட்டவரு. 1927-ல வாஷிங்டன்ல கூட்டம் போட்டுப் பெரிய பெரிய ஆளுங்க எதிர்த்தாங்க. பின்னால பனிக்கட்டி அணை உடைஞ்சு மிசூலா ஏரி வடிஞ்ச வெள்ளம்தான்னு உறுதியாச்சு. 1979-ல ஜியாலஜிக்குப் பெரிய விருதான பென்ரோஸ் மெடல் கொடுத்தாங்க, அப்ப அவருக்கு தொண்ணூறு தாண்டியாச்சு. பல இடம் சுத்தினதாலதான் அவருக்கு அந்தப் பள்ளம் வழக்கமான பள்ளமா தெரியலன்னு நான் நம்பறேன்.

09.09.2023, இரவு

ஆனா யோசிச்சா, நீளமான லிஸ்ட் வெச்சிருக்கற எல்லாரையும் நான் இதுல சேர்க்க முடியாது. பேரு மட்டும் போட்டுக்கிட்டு ஃபீல்டுக்கே போகாதவங்களும் இருக்காங்க. போன வருஷத்து ப்ராஜெக்ட்ல ஊர் பேரை மட்டும் மாத்தி பைண்டிங் பண்ணிக் கொடுக்கற பழக்கமும் இருக்கு. வெளித்தேர்வாளரா போன ஒரு இடத்துல, கடற்கரை ஊரைப் பத்தின ரிப்போர்ட்ல மலைப்பகுதி மண்ணோட விளக்கம் அப்படியே இருந்துச்சு. அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் வரல, ரெண்டு வருஷம் அவனை யாருமே வெளிய கூட்டிப் போகலையேன்னுதான் வருத்தமா இருந்துச்சு.

அதனால உங்க பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க. சீனியர்ஸோட ஃபீல்டு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாக்கட்டும். ரிப்போர்ட்டை இல்ல, நோட்டை. நல்ல கைடுகிட்ட இருக்கறவங்க நோட்டு அழுக்கா இருக்கும், வியர்வை பட்டு இங்க் கலைஞ்சிருக்கும், கையால வரைஞ்ச படம் இருக்கும், "இது புரியல, திரும்ப வந்து பாக்கணும்"னு எழுதியிருக்கும். லேப்ல கல்லு அறுக்கற மெஷின் ஓடுதா, துணி போத்தி வெச்சிருக்கான்னு பாக்கட்டும். இந்த ரெண்டும் போதும்.

14.09.2023

கல்லு தேய்க்கிறது பத்தி இன்னும் எழுதலையே.

ஒரு பாறையை மைக்ராஸ்கோப்ல பாக்கணும்னா அது 0.03 மில்லிமீட்டருக்குத் தேயணும். முதல்ல வைர பிளேடுல சின்னத் துண்டா அறுத்து, ஒரு முகத்தைக் கார்போரண்டம் பவுடர் போட்டுத் தண்ணி விட்டுக் கண்ணாடித் தட்டுல தேய்க்கணும், கொரகொரப்பான பவுடர்ல ஆரம்பிச்சு நைஸ் பவுடர் வரைக்கும். ஒவ்வொண்ணு மாத்தும்போதும் கையையும் கல்லையும் நல்லாக் கழுவணும், முந்தின பவுடர் ஒரு துகள் இருந்தாலும் கீறல் விழும். அப்புறம் ஸ்லைடுல ஒட்டணும், ஒரு குமிழி கூட உள்ள மாட்டக்கூடாது. பிறகு அடுத்த முகத்தைத் தேய்ச்சுக்கிட்டே வரணும். எப்ப நிறுத்தறதுன்னு பாறையில இருக்கற குவார்ட்ஸ் தாது சொல்லும். மைக்ராஸ்கோப்ல ரெண்டு போலராய்டு ஃபில்டரைக் குறுக்கா வெச்சுப் பாக்கற வெளிச்சத்துல குவார்ட்ஸ் மஞ்சளா கலரா தெரிஞ்சா இன்னும் தடிமனா இருக்குன்னு அர்த்தம், சாம்பல் வெள்ளைக்கு வந்தா சரியான தடிமன். அதைத் தாண்டி இன்னும் நாலு இழுப்பு இழுத்தா மொத்தக் கல்லும் ஸ்லைடை விட்டுப் போயிடும்.

இப்ப வெளிய கொடுத்தா ரெடியா பண்ணித் தருவாங்க, அதனால நிறைய இடத்துல இதை விட்டுட்டாங்க. நான் விடல. முதல் சார்னோக்கைட் ஸ்லைடை ஒவ்வொருத்தரும் கையால பண்ணணும். தான் தேய்ச்ச கல்லுல ஹைப்பர்ஸ்தீன்ங்கற தாது, மைக்ராஸ்கோப் மேடையைச் சுத்தச் சுத்த ரோஸ்ல இருந்து பச்சைக்கு மாறுறதைப் பாத்த பொண்ணு பக்கத்து டேபிள்காரங்களை எல்லாம் கையைப் புடிச்சு இழுத்துட்டு வருவா. வாங்கின ஸ்லைடுலயும் அதே கலர்தான் தெரியும். ஆனா யாரும் இழுத்துட்டு வர மாட்டாங்க.

20.09.2023

ஒரு அம்மா கேட்டிருக்காங்க, பொண்ணுங்களை ஃபீல்டுக்கு அனுப்பலாமான்னு. இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம்.

நான் படிச்ச காலத்துல பொண்ணுங்களுக்கு லேப் டாபிக் கொடுத்துடுவாங்க. பசங்க மலை ஏறிக் கல்லு கொண்டுவருவாங்க, பொண்ணுங்க அதை உடைச்சுப் பொடியாக்கி எடை போடுவாங்க. பாறையை அது இருக்கற இடத்துல பாக்காமயே டிகிரி முடிச்சவங்க எத்தனையோ பேரு. அது அநியாயம். இப்ப என் கிளாஸ்ல பாதிக்கு மேல பொண்ணுங்க, மேப்பிங் கேம்ப்புக்கு எல்லாரும் வரணும்னு முதல் நாளே சொல்லிடுவேன். அதுக்கு நானும் வேலை செய்யணும். தங்கற இடத்தை முன்னாடியே போய்ப் பாக்கணும், பாத்ரூம் இருக்கா, கதவு தாழ்ப்பா சரியா இருக்கான்னு பாக்கணும், வீட்டுக்குப் போன் பண்ணிப் பேசணும், கூட ஒரு மேடம் வரணும், காட்டுல நடக்கும்போது எங்க நிக்கறது எப்ப நிக்கறதுன்னு வெக்கப்படாம சொல்லித் தரணும். இதையும் ப்ராஜெக்ட்ல ஒரு பாகமாத்தான் நான் நினைக்கறேன்.

அரியலூர்ப் பொண்ணு ஒருத்தி, அப்பா லாரி ஓட்டறவரு, முதல்ல அனுப்ப மாட்டேன்னுட்டாரு. அப்புறம் அவரே ஒரு நாள் கூட வந்தாரு, காரைங்கற ஊர் பக்கம் ஓடையில அவ பாறை அடுக்கோட சாய்வை அளந்து நோட்டுல எழுதறதைப் பாத்துட்டுச் சாயங்காலம் தனியா பஸ் ஏறிப் போயிட்டாரு. அதுக்கப்புறம் தடுக்கவே இல்ல.

21.09.2023

காரைன்னு எழுதிட்டு நிறுத்த முடியல. பெரம்பலூர் மாவட்டத்துல, திருச்சியில இருந்து கிட்டத்துல. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல். இன்னைக்கு மரமே இல்லாத களிமண் மேடு, மழை அறுத்த ஓடைங்க, வெயில்ல ஜிப்சம் மின்னும். கால் வெக்கற இடத்துல பெலெம்னைட் ஃபாசில், ஒரு முனை கூரா விரல் நீளத்துக்கு இருக்கும், கணவாய் மீனோட தூரத்துச் சொந்தம். இந்தப் பகுதிப் பாறைங்களை உத்தத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர்னு மூணு தொகுதியாப் பிரிச்சு ஜியாலஜிஸ்ட் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-லயே மேப் போட்டுட்டாரு. பக்கத்துல சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப்போன மரம், 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன் வெளிய சொன்னது. அவருதான் பின்னால இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்கு முதல் இந்திய இயக்குநர். உலகத்துல எங்கெங்கயோ இருந்து வந்து பாக்கறாங்க, திருச்சியிலயே பிறந்து வளர்ந்தவங்க பாத்திருக்க மாட்டாங்க.

அந்தப் பொண்ணு பண்ணது பெலெம்னைட் படுத்திருக்கற திசை. பொறுக்கி எடுத்தா அவ்வளவுதான், ஒரு தகவலும் மிஞ்சாது. அதனால மழையில உருண்டு வந்ததை எல்லாம் விட்டுட்டு, பாறை அடுக்குக்குள்ள புதைஞ்சு இருக்கறதை மட்டும் எடுக்காமயே காம்பஸ் வெச்சு அளந்து, எந்தத் திசையில எத்தனைன்னு காட்டற வட்டப் படம், ரோஸ் டயகிராம், போட்டா. நீளமான பொருள் தண்ணி ஓட்டத்துல ஒரு திசையாத் திரும்பிப் படுக்கும், அதை வெச்சு அந்தக் காலத்துக் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம்னு ஊகிக்கலாம். செலவு பஸ் டிக்கெட்தான்.

அங்க போறவங்க தயவு செஞ்சு மூட்டை கட்டிக்கிட்டு வராதீங்க. மழை புதுசா வெளிய கொண்டுவரத்தான் செய்யுது, அதுக்காக அள்ளிக்கிட்டே இருந்தா அடுத்து வர்ற பசங்களுக்கு எதுவும் இருக்காது.

24.09.2023

டைனோசர் முட்டை பத்தி கேட்டவருக்கு. 2020-ல பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஏரியில உருண்டையா பெரிய பெரிய கல்லுங்க கிடைச்சப்ப டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்புல ஓடுச்சு. பாத்தவங்க அது அம்மோனைட் (அழிஞ்சுபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரி) சார்ந்த கடல் படிவு உருண்டைன்னு சொல்லிட்டாங்க. கடலடிச் சேத்துல ஒரு சங்கு கிடந்தா அதைச் சுத்திக் கால்சியம், இரும்புத் தாதுங்க படிஞ்சு படிஞ்சு உருண்டையா இறுகும், கான்கிரீஷன்னு பேரு. எங்க லேப்ல அந்த மாதிரி ஒரு உருண்டையை ரெண்டா அறுத்து வெச்சிருக்கோம், நடுவுல அம்மோனைட் சுருள் தெளிவா தெரியும். ஸ்கூல் பசங்க வந்தா முதல்ல அதைத்தான் காட்டுவோம். முட்டை இல்லைன்னதும் ஏமாந்து போவாங்கன்னு நினைச்சா, நடுவுல இருக்கற சுருளைப் பாத்துட்டு அதை விடவே மாட்டேங்கறாங்க.

02.10.2023

சுனாமி படிவு. இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் தமிழ்நாட்டுல கடற்கரைக்குப் பக்கத்துல இருந்த ஜியாலஜி துறைங்க பலதும் மண்ணு பாக்கப் போச்சு. அலை கொண்டுவந்து போட்ட மணல் அடுக்கு அடியில கத்தியால அறுத்த கணக்கா கீழ் மண்ணை விட்டுத் தனியா தெரியும், பல இடத்துல அடியில கருப்பு மணல், அதாவது இல்மனைட், கார்னெட் மாதிரி கனமான தாது வரி, மேல போகப்போக துகள் சின்னதாகும், கரையை விட்டு உள்ள போகப்போக அடுக்கு மெலியும். இதைக் குழி வெட்டி அளந்து வெச்சாத்தான் பழைய சுனாமி எப்ப வந்துச்சுன்னு தேடறவங்களுக்கு எதைத் தேடணும்னு தெரியும்.

வருஷம் கழிச்சு அந்தக் கரையில இருந்து ஒரு பையன் படிக்க வந்தான். சம்பவம் நடந்தப்ப சின்னப் பையன். ஊர் பேரைக் கேட்டதும் நானே வேற டாபிக் எடுத்துக்கிறியான்னு கேட்டேன். இல்ல சார், எங்க ஊர்லயே பண்றேன்னான். குழி வெட்டினப்ப நானும் போனேன். அவங்க ஊர்ப் பெரியவங்க தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு ஒவ்வொரு இடமா கையைக் காட்டினாங்க, இவன் ஒவ்வொரு இடத்துலயும் வெட்டி அளந்தான். தண்ணி வந்த எல்லைக்குக் கொஞ்சம் முன்னாடியே மணல் அடுக்கு நின்னு போகுது. அதாவது மணல் எது வரைக்கும் இருக்கோ அதை மட்டும் வெச்சு அலை எல்லையை முடிவு பண்ணினா குறைச்சு மதிப்பிட்டுடுவோம். வேற நாட்டுக் கரைங்கள்லயும் இதே மாதிரி பாத்திருக்காங்கன்னு பின்னால அவனே படிச்சு எழுதினான். வைவாவுல நிதானமா பேசினான். என்னால அன்னைக்கு எதுவும் கேக்க முடியல.

08.10.2023

சின்னதா ஒண்ணு, கல்லு அரிப்பு. ஆர்ச்சிபால்டு கெய்க்கின்னு ஒரு ஜியாலஜிஸ்ட், ஸ்காட்லாந்துல எடின்பரோ கல்லறைத் தோட்டங்கள்ல சுத்தி, கல்லுல பொறிச்ச வருஷத்தை வெச்சு எந்தக் கல்லு எவ்வளவு வேகமா அரிக்குதுன்னு 1880-ல எழுதினாரு. நம்ம ஊர்ப் பழைய சர்ச் கல்லறையிலயும் அதைப் பண்ணலாம். மார்பிள்ல ஈய எழுத்து பதிச்சிருப்பாங்க, வெக்கும்போது ஈயமும் மார்பிளும் ஒரே மட்டம். மழை மார்பிளை மட்டும் கரைச்சுடும், ஈயம் துருத்திக்கிட்டு நிக்கும். நுணுக்கமா அளக்கற வெர்னியர் அளவுகோல்ல அந்த உயரத்தை அளந்து வருஷத்தால வகுத்தா அரிப்பு வேகம் கிடைக்கும். பக்கத்துலயே சார்னோக்கைட் கல்லு எழுத்து கூர் மழுங்காம இருக்கும். முக்கியம், சர்ச்ல எழுதிக் கேட்டு அனுமதி வாங்கணும், யாராவது சொந்தக்காரங்க வந்திருந்தா அன்னைக்கு வேலையை நிறுத்திட்டு வரணும்.

15.10.2023

வேலை கிடைக்குமான்னு நிறையப் பேரு கேக்கறீங்க. யுபிஎஸ்சி நடத்தற கம்பைண்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு இருக்கு, அதுல இருந்துதான் புவியியல் ஆய்வுத்துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் எடுக்கறாங்க. கடைசியில இன்டர்வியூ உண்டு. போயிட்டு வந்த என் பசங்க சொல்றது, ப்ராஜெக்ட்ல நீ என்ன செஞ்சேன்னுதான் தோண்டித் தோண்டிக் கேக்கறாங்க. தன் கையால அளந்தவன் அங்க தடுமாற மாட்டான்.

இன்னொண்ணு. பெரிய மெஷின் ரிசல்ட் இருந்தாத்தான் ப்ராஜெக்ட்னு பசங்க நினைக்கறாங்க. வெளி லேப்புக்கு சாம்பிள் அனுப்பினா ஒவ்வொண்ணுக்கும் காசு, அதுவும் பசங்க கைக்காசு. ரிசல்ட் வர்றதுக்குள்ள ரிப்போர்ட் கொடுக்கற தேதி போயிடும், எங்களுக்கும் நடந்திருக்கு, ஒரு பொண்ணு அழுதுட்டா. அதுல இருந்து மெஷின் ரிசல்ட் வந்தாலும் வராட்டியும் கேள்விக்குப் பாதிக்கு மேல கைக்கருவியிலயே பதில் கிடைக்கற மாதிரித்தான் டாபிக் வெக்கறேன். வந்தா இன்னும் நல்லது.

05.11.2023

இங்க நல்ல மழை. ராமநாதபுரம் மாவட்டத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், கைடு ஊர்லயே ஏதாவது பண்ணச் சொல்லிட்டாரு, வீட்டுப் பக்கம் கிணறு சிலது நல்ல தண்ணி, சிலது உப்பு, எப்படி ஆரம்பிக்கறதுன்னு.

தம்பி, இப்பவே ஆரம்பிங்க, மழை முடியறதுக்குள்ள ஒரு தடவை, கோடையில அதே கிணறுங்கள்ல ஒரு தடவை. ஒரு கண்டக்டிவிட்டி மீட்டர் (தண்ணியில உப்பு எவ்வளவுன்னு மின்சாரம் கடத்தறதை வெச்சுக் காட்டறது) துறையில கேட்டு வாங்கிக்கோங்க, ஒவ்வொரு நாளும் கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்டாண்டர்டு கரைசல்ல சரி பாத்துக்கோங்க. பாட்டிலை அதே கிணத்துத் தண்ணியில கழுவிட்டு அப்புறம் புடிங்க. போர்னா கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுப் புடிங்க, குழாய்க்குள்ள நின்ன தண்ணி வேணாம். கிணறு எவ்வளவு ஆழம், எப்ப வெட்டினது, முன்னாடி ருசி எப்படி இருந்துச்சுன்னு வீட்டுல இருக்கற வயசானவங்ககிட்ட கேட்டு எழுதுங்க. கடல்ல இருந்து தூரத்தை மட்டும் பாக்காதீங்க, மணல் மேடு எங்க இருக்கு, ஊருணி எங்க இருக்கு, பக்கத்துல உப்பளம், இறால் குட்டை இருக்கான்னும் மேப்ல போடுங்க. கடலோர மணல்ல மழைத்தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்கும், அதனால ஆழம் குறைஞ்ச கிணறு நல்ல தண்ணியா இருந்து பக்கத்துலயே ஆழமானது உப்பா இருக்க வாய்ப்பு உண்டு, அதைத் தனியா கவனிங்க.

மட்டம் அளக்கும்போது கிணத்துச் சுவர் மேல இருந்து அளந்தீங்களா, தரையில இருந்து அளந்தீங்களான்னு ஒவ்வொரு கிணத்துக்கும் மறக்காம எழுதிடுங்க, சுவர் உயரத்தையும் சேர்த்து. முதல் தடவை அளந்த இடத்துல பெயிண்ட்ல ஒரு புள்ளி வெச்சுட்டா கோடையில வரும்போது அதே இடத்துல டேப்பை வெக்கலாம். பெயிண்ட் வெக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.